மிளகாய் சுருளுது, தக்காளி வாடுது: மாடித் தோட்டத்துக்குக் கைமருந்து

எதிர்வீட்டு அக்கா போன ஆவணியில் ஒரு மிளகாய்க் கொழுந்தைக் கிள்ளி எடுத்துக்கொண்டு வந்தார். "இலை சுருண்டுபோச்சு தம்பி. இஞ்சி பூண்டு கரைசல் அடிச்சேன், மீன் அமிலம் அடிச்சேன், புளிச்ச மோரும் அடிச்சேன். அப்பவும் சுருளுது. இனி எதை அடிக்கட்டும்?" மூன்றும் நல்ல கைமருந்துகள்தான் (மீன் அமிலம் என்பது மீன் கழிவை வெல்லத்தோடு ஊறவைத்து எடுக்கும் கரைசல்). ஆனால் அந்தக் கொழுந்தில் இருந்த கோளாறுக்கு மோர்தான் பொருந்தும். அதையும் அவர் ஒரே ஒருமுறை, இலையின் மேல்பக்கமாகத் தெளித்திருந்தார். பூச்சி குடியிருந்தது அடிப்பக்கத்தில்.

திருச்சியில் என் வீட்டு மாடியில் 12 வருடமாகச் செடி வளர்க்கிறேன். மண் நிரப்பிய செடிப் பைகள் 60-க்குக் குறையாது. இத்தனை வருடத்தில் நான் பூச்சிக்குப் பறிகொடுத்த செடிகளைவிட, என்ன கோளாறு என்று பார்க்காமல் நானே வைத்தியம் பார்த்துச் சாகடித்த செடிகள் அதிகம். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். கரைசலின் பெயரை வைத்துத் தேடாமல், செடியில் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியை வைத்துத் தேடுங்கள். உங்கள் செடிக்கு எது பொருந்துகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்ப் படிக்கலாம்.

எந்தச் செடியானாலும் முதலில் மூன்று வேலை. இலையைத் திருப்பிப் பாருங்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். தண்டில் எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். இதற்கு ஒரு நிமிடம் ஆகும். பல சமயம் இதிலேயே விடை கிடைத்துவிடும்.

செடி முழுதும் வாடித் தொங்குகிறது

வாடிய செடியைப் பார்த்தால் தண்ணீர் ஊற்றத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். மண் காய்ந்திருந்து, பையைத் தூக்கினால் லேசாக இருந்தால் தாகம்தான். தென்னை நார்க்கழிவு அதிகம் கலந்த பை ஒருமுறை சுத்தமாகக் காய்ந்துவிட்டால், மேலே ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்து அடித்துளை வழியாக ஓடிவிடும். நடுவில் வேர் இருக்கும் இடம் நனையவே நனையாது. "ரெண்டு வேளை ஊத்துறேன், அப்பவும் வாடுது" என்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. அகலமான பேசினில் நாலு விரல்கடை தண்ணீர் நிரப்பி, பையை அதில் அரைமணி நேரம் உட்கார வையுங்கள். கீழிருந்து ஊறி மேலே வரும்.

மண் ஈரமாக இருக்கிறது, மதியம் இரண்டு மணிக்கு இலை தொங்குகிறது, சாயங்காலம் நிமிர்ந்துவிடுகிறது என்றால் அது வெயில் வாட்டம். சுரை, பூசணி, பீர்க்கு மாதிரி அகன்ற இலைக் கொடிகள் அக்னி நட்சத்திர நாட்களில் தினமும் இப்படித்தான் இருக்கும். அதற்காக மதியம் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஒரு நிழல்வலையோ பழைய வேட்டியோ மேலே கட்டினால் போதும்.

மண் ஈரமாகவே இருந்து காலையிலும் நிமிரவில்லையென்றால், வேருக்கு மூச்சு முட்டுகிறது. பையின் அடித்துளையில் ஒரு குச்சியை விட்டுக் குத்திப் பாருங்கள். வேரும் மண்ணும் அடைத்துக்கொண்டிருக்கும். தரையில் அப்பிக்கொண்டு உட்காரும் பைக்கு இது அடிக்கடி வரும். அடியில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்துங்கள். இரண்டு மூன்று நாள் தண்ணீரை நிறுத்துங்கள். அழுகிய வாடை வந்தால் அந்த மண்ணைக் கொட்டி உலர்த்தி, மக்கிய தொழு உரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, அதோடு சேர்த்து நிரப்ப வேண்டும். விதைக்கடையிலும் உரக்கடையிலும் பொடியாகக் கிடைக்கும் நல்ல பூஞ்சை அது. வேரை அழுக வைக்கும் கெட்ட பூஞ்சையை அடக்கும்.

இதில் எதிலும் சேராத ஒரு வாடல் உண்டு. தக்காளியோ கத்திரியோ நேற்றுவரை நன்றாக இருக்கும். இன்று இலை பச்சையாகவே, மஞ்சள்கூட ஆகாமல், வெந்நீர் ஊற்றியது போலத் தொங்கும். இதற்கு ஒரு வீட்டுச் சோதனை இருக்கிறது. தண்டை அடிப்பக்கத்தில் வெட்டி, வெட்டிய நுனியை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டு அசைக்காமல் ஐந்து நிமிடம் பாருங்கள். பால் நூல் போல வெள்ளையாக ஏதாவது கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். எந்தக் கரைசலும் அந்தச் செடியைக் காப்பாற்றாது. வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போட வேண்டாம். அந்த மண்ணில் தக்காளி, கத்திரி, மிளகாய் மூன்றும் வைக்கக் கூடாது. கீரையோ தட்டைப்பயறோ விதைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய கத்தியையும் சுடுதண்ணீரில் போட்டு எடுங்கள்.

கத்திரியில் செடி முழுவதும் நன்றாக இருந்து, ஒரு நுனி மட்டும் தலை கவிழ்ந்திருந்தால் தண்டுத் துளைப்பான் புழு உள்ளே இருக்கிறது. வாடிய இடத்துக்குக் கீழே ஒரு சாண் விட்டு வெட்டி, பிளந்து பார்த்து, புழுவை நசுக்குங்கள். வெட்டாமல் மேலே எதைத் தெளித்தாலும் உள்ளே இருப்பதற்குப் படாது. இதே இனம்தான் பிறகு காய்க்குள்ளும் போகும்.

வளர்ச்சி மந்தமாகி மெல்ல மெல்ல வாடும் செடியைப் பிடுங்கினால், சில சமயம் வேரெல்லாம் முண்டு முண்டாக இருக்கும். அது நூற்புழு. அடுத்த முறை மண் கலக்கும்போது பை ஒன்றுக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு போட்டு, ஓரமாகத் துலுக்க சாமந்தி வையுங்கள். ஒன்று மட்டும் கவனம்: அவரை, தட்டை, கடலை வேரில் இருக்கும் முடிச்சு நோய் அல்ல. கையால் தடவினால் உதிர்ந்துவிடும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் முடிச்சு அது. நூற்புழு முண்டு வேரோடு சேர்ந்தே வீங்கியிருக்கும், உதிராது.

மிளகாய் இலை சுருளுகிறது

எந்தப் பக்கமாகச் சுருளுகிறது? இதைப் பார்க்காமல் மருந்துக்கே போகாதீர்கள்.

ஓரங்கள் மேல்நோக்கி எழும்பி இலை படகு போல ஆனால் இலைப்பேன். வெள்ளைத் தாள் ஒன்றைக் கொழுந்துக்கு அடியில் பிடித்துத் தட்டுங்கள். முடித்துண்டு மாதிரி, வைக்கோல் நிறத்தில் ஏதோ ஊர்ந்தால் உறுதி. வறண்ட வெயிலில்தான் இது பெருகும். இதற்கு இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய்க் கரைசல் சரியாக வேலை செய்கிறது. பூண்டு 20 கிராம், இஞ்சி 10 கிராம், பச்சைமிளகாய் 10 கிராம் அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி, பழைய பனியன் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். நன்றாக வடிகட்டாவிட்டால் கைத்தெளிப்பான் அடைத்துக்கொள்ளும். கடுகளவு காதி சோப்புக் கரைத்துச் சேர்த்தால் இலையில் ஒட்டும். காற்று உங்கள் முகத்துக்கு எதிராக அடிக்கும்போது தெளிக்காதீர்கள். கண்ணில் பட்டால் அன்றைய பொழுது போய்விடும்.

ஓரங்கள் கீழ்நோக்கி மடங்கி, கவிழ்த்த படகு போல, இலைக்காம்பு எலிவால் மாதிரி நீண்டு மெலிந்திருந்தால் அது சிலந்தி. மஞ்சள் முரணைச் சிலந்தி என்பார்கள். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. இதற்குத்தான் புளித்த மோர். நான்கைந்து நாள் புளித்த மோர் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. இலையின் அடிப்பக்கம் சொட்டச் சொட்ட நனைய வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை, குறைந்தது மூன்று தடவை. ஏற்கெனவே சுருண்ட இலை நிமிராது. அதைப் பார்த்து "பலிக்கலை" என்று விட்டுவிடக் கூடாது. புதிதாக வரும் துளிர் எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு. எதிர்வீட்டு அக்காவின் செடி இந்த வகை. மோசமான நுனிகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, அடிப்பக்கமாக மோர் தெளிக்கச் சொன்னேன். புரட்டாசி பாதியில் தட்டையான துளிர் வந்தது. கார்த்திகையில் எங்கள் வீட்டுக்கும் மிளகாய் கொடுத்தார்.

மூன்றாவது வகைக்கு மருந்தில்லை. இலைகள் சிறுத்து, மஞ்சளும் பச்சையுமாகச் சொறசொறவென்று கொத்தாகக் குவிந்து, செடி வளராமல் நின்றுவிட்டால் வைரஸ். வெள்ளை ஈ கொண்டுவந்து விடுவது. பிடுங்கிவிடுங்கள். ஒரு செடி மேல் இரக்கப்பட்டு வைத்திருந்து, பக்கத்தில் இருந்த எட்டுச் செடியையும் நான் இழந்திருக்கிறேன்.

வெண்டையில் நரம்பு மட்டும் மஞ்சளாகி வலை போட்டது போலத் தெரிவதும் இதே வெள்ளை ஈயின் வேலைதான். அதற்கும் பிடுங்குவதே வழி. அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கும்போது, பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இந்த நோயைத் தாங்குவதற்காகவே உருவாக்கிய அர்க்கா அனாமிகா ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். வெள்ளை ஈயைக் குறைக்க, மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் தட்டில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிடலாம். வாரம் ஒருமுறை துடைத்து மறுபடி தடவ வேண்டும். தூசி படிந்த தட்டில் ஒன்றும் ஒட்டாது.

இலை மஞ்சளாகிறது

கீழ் இலையா, மேல் இலையா?

அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துப் பற்றாக்குறை. செடி பழைய இலையிலிருந்து சத்தை உருவிக் கொழுந்துக்கு அனுப்புகிறது. கடலைப்புண்ணாக்கு ஒரு கைப்பிடியை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்த நீரைப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து வேரில் ஊற்றுங்கள். ஒரு வாரத்தில் பச்சை ஏறும். புண்ணாக்கை அப்படியே மண்மேல் தூவினால் எறும்பு வரும், எலி வரும், பூஞ்சணம் பூக்கும். பஞ்சகவ்யா வைத்திருப்பவர்கள் ஒரு லிட்டருக்கு 30 மி.லி. கலந்து இலையில் தெளிக்கலாம். அளவைக் கூட்டினால் கூடுதல் பலன் வரும் என்று நினைக்காதீர்கள், இலை கருகும்.

புதுப்பையில் வைத்த செடி, சத்து கொடுத்தும் மாதக்கணக்கில் மஞ்சளாகவே நின்றால், கழுவாத நார்க்கழிவாக இருக்கலாம். கட்டியாக வாங்குவதைத் தண்ணீரில் ஊறவைத்து, டீத்தண்ணீர் நிறத்தில் வரும் சாயத்தை இரண்டு மூன்று முறை பிழிந்து கொட்ட வேண்டும். அதோடு உப்பும் போகும். மக்காத நார்க்கழிவு தான் மக்குவதற்கு மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், பாதிக்கு மேல் அதை நிரப்பாதீர்கள்.

இனி மேல் இலை. கொழுந்து மட்டும் எலுமிச்சை மஞ்சளாகி, நரம்பு பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை. மல்லிகை, கறிவேப்பிலை, செம்பருத்தி, எலுமிச்சையில் அடிக்கடி காணலாம். ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் இது கிட்டத்தட்ட நிச்சயம். மண் காரத்தன்மை ஏறிவிட்டால், இரும்பு இருந்தாலும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. துரு ஏறிய ஆணியைப் புதைத்து வைக்கச் சொல்வார்கள். நானும் இரண்டு வருடம் புதைத்துப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. காரணம் எளிது: துரு தண்ணீரில் கரையாது, கார மண்ணில் இன்னும் கரையாது. நாட்டுமருந்துக் கடையில் அன்னபேதி உப்பு கேளுங்கள், தண்ணீரில் கரையும் இரும்பு உப்பு (இரும்பு சல்ஃபேட்) அது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளியுங்கள். மாதம் ஒருமுறை, பச்சை திரும்பும்வரை. தரையில் சிந்தினால் செம்பழுப்புக் கறை பிடித்துவிடும், ஒரு சாக்கை விரித்துக்கொள்ளுங்கள். வேரில் வாரம் ஒருமுறை புளித்த மோரை நீர்க்க விட்டால் மண்ணின் காரம் கொஞ்சம் தணியும். கறிவேப்பிலைக்கு மோர் ஊற்றும் பாட்டிகளின் பழக்கத்தில் அர்த்தம் இருக்கிறது. இப்படி மஞ்சளாகும் செடிக்கு அடுப்புச் சாம்பல் போடவே கூடாது. சாம்பல் காரத்தை இன்னும் ஏற்றும்.

பை ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்து, இலை நுனிகள் கருகியிருந்தால் உப்புத்தண்ணீரின் சுவடு. மாதம் ஒருமுறை அடித்துளையிலிருந்து நன்றாக வடியும்வரை தண்ணீர் விட்டு அலசுங்கள். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதற்கு ஈடு எதுவுமில்லை. அரிசி கழுவிய தண்ணீரை அன்றன்றே ஊற்றலாம். உப்புப் போட்ட எதுவும், சோறு வடித்த கஞ்சியில் உப்பு விழுந்திருந்தால்கூட, வேண்டாம்.

வெள்ளைப் பஞ்சு, கறுப்புப் பேன், ஏறும் எறும்பு

செம்பருத்திக் கணுவிலும் கத்திரிக் காம்பிலும் பஞ்சு ஒட்டினால் மாவுப்பூச்சி. அவரைக் கொழுந்தில் கடுகு கொட்டியது போலக் கறுப்பாக அப்பியிருந்தால் அசுவினி. மார்கழி, தையில் அவரையைத் தேடி வரும். இரண்டும் சாற்றை உறிஞ்சித் தேன் போன்ற கழிவை விடும். அதற்காகத்தான் எறும்பு வருகிறது. எறும்பு இந்தப் பூச்சிகளை எதிரிகளிடமிருந்து காவல் காக்கும். ஆகவே எறும்பை முதலில் தடுக்க வேண்டும். பையின் அடியில் வைத்த செங்கல்லைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள் (கொசு முட்டை வைக்காதபடி இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டி நிரப்புங்கள்). சுவரிலோ கொடிக்கம்பியிலோ செடியின் இலை உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது எறும்புக்குப் பாலம்.

அசுவினிக்குத் தண்ணீரைப் பீய்ச்சினாலே பாதி உதிரும். மறுநாளும் அதற்கு மறுநாளும் பீய்ச்சுங்கள். மாவுப்பூச்சி அப்படிப் போகாது, உடம்பில் மெழுகுப் பூச்சு இருக்கிறது. வேப்பெண்ணெயை நேராகத் தெளித்தால் வழுக்கி ஓடிவிடும். பழைய பல்துலக்கியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு மைதாக் கஞ்சி தெளியுங்கள். ஒரு மேசைக்கரண்டி மைதாவை ஒரு லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டி, காலை வெயிலில் அடியுங்கள். மதியத்துக்குள் காய்ந்து தோலாக உரியும். பூச்சியும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். மறுநாள் தண்ணீரால் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் இலைக்கு மூச்சுவிட வழியில்லாமல் போகும்.

இங்கே நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். மாவுப்பூச்சி நடுவில் இன்னும் பெரிதாக, பஞ்சு இழைகள் நீண்டு, வேகமாக நடக்கும் ஒன்றைப் பார்த்து, "தாய்ப்பூச்சி போல" என்று நினைத்துத் தேடித் தேடி நசுக்கினேன். அது மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு பொறிவண்டின் குஞ்சு. மாவுப்பூச்சி வேடத்திலேயே அதன் நடுவில் வாழும். மாவுப்பூச்சி இடத்தைவிட்டு அதிகம் நகராது, இது ஓடும். இதைப்போலவே குட்டி முதலை மாதிரி, கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு அசுவினிக் கூட்டத்தில் திரிவது இன்னொரு பொறிவண்டின் குஞ்சு. இவற்றைப் பார்த்தால் எதையும் தெளிக்காமல் ஒரு வாரம் விட்டுவிடுங்கள்.

இந்தச் சிறு உயிர்களின் பலம் தமிழ்நாட்டு விவசாயிகளுக்குத் தெரியும். 2008-இல் கோவைப் பக்கம் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் வெள்ளையடித்தது. மருந்து அடித்து மாளவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற, கடுகைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, பெருக்கி, வயல்களில் விட்டார்கள். அதன் பிறகே அடங்கியது. நம் மாடியில் வாரம் தவறாமல் வேப்பெண்ணெய் அடிப்பவர்கள், இப்படிப்பட்ட குளவிகளுக்கும் சேர்த்துத்தான் தொந்தரவு கொடுக்கிறார்கள். பூச்சி கண்ணில் பட்டால் மட்டும் அடியுங்கள்.

இலைமேல் வெள்ளைப் பொடி

விரலால் துடைத்தால் மாவு போல வருகிறதா? சாம்பல் நோய். பகலில் வறட்சியும் இரவில் குளிரும் பனியுமாக இருக்கும் மார்கழி முதல் மாசி வரை வெண்டையிலும் கொடிகளிலும் வரும். பால் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு, வாரம் ஒருமுறை, வெயில் படும் நேரத்தில் தெளியுங்கள். பிரேசிலில் சுரைக்குடும்பச் செடியில் இதைச் சோதித்து 1999-இல் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டிருக்கிறார்கள். நல்ல பலன் கண்டார்கள். புளித்த மோரும் எனக்கு உதவியிருக்கிறது. ஆனால் இலை பாதிக்கு மேல் வெளுத்த பிறகு தெளித்துப் பயனில்லை. முதல் வட்டம் தெரியும்போதே தெளிக்க வேண்டும். அடர்ந்த அடி இலைகளைக் கழித்துக் காற்று போக வழி விடுங்கள்.

நாற்று முளைத்துச் சாய்கிறது

மண் மட்டத்தில் தண்டு நூலாய்க் குறுகிச் சாய்ந்தால் நாற்றழுகல். தண்ணீர் அதிகம், நெருக்கம் அதிகம். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. மிச்சத்தைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் தெளியுங்கள். அடுத்த முறை விதைக்கும்முன் விதையைச் சூடோமோனாஸ் (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பாக்டீரியா) பொடியில் புரட்டி நிழலில் உலர்த்திப் போடுங்கள்.

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகுகிறது

பூ இருந்த முனை தோல் போலக் கறுத்துக் குழிந்தால் இது பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. காய் வளரும் நேரத்தில் சுண்ணாம்புச்சத்து அதன் முனைவரை போய்ச் சேரவில்லை. உடனே எல்லோரும் முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுகிறார்கள். முட்டை ஓடு கெட்டதல்ல, ஆனால் அது மண்ணில் கரைய மாதக்கணக்காகும். இந்தக் காய்ப்புக்கு அது உதவாது. அதைவிட முக்கியம், பல பைகளில் சுண்ணாம்பு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கும். அது தண்ணீரோடுதான் செடிக்குள் ஏறும். ஒருநாள் மறந்து காயவிட்டு, மறுநாள் குடம் குடமாக ஊற்றினால் அந்த ஓட்டம் அறுந்துவிடுகிறது.

ஆகவே தண்ணீரைச் சீராக்குங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில், வெயில் காலத்தில் சாயங்காலமும் கொஞ்சம். மண்மேல் காய்ந்த இலை, கரும்புச் சக்கை, தென்னங்கீற்று எது கிடைத்தாலும் நான்கு விரல்கடை கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். கறுத்த காய்களைப் பறித்துவிடுங்கள். அடுத்துப் பிடிக்கும் காய்கள் நன்றாக வரும். பழம் வெடிப்பதற்கும் இதே காரணம், இதே வைத்தியம். சின்னப் பையில் இது ஓயாது. தக்காளிக்கு ஓரடி ஆழமாவது மண் வேண்டும்.

பூ உதிர்கிறது

சித்திரை வெயிலில் தக்காளிப் பூ உதிர்வது அதன் இயல்பு. பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவிலும் சூடு தணியாவிட்டால் மகரந்தம் வேலை செய்யாது. அப்போது மீன் அமிலமோ பெருங்காயத் தண்ணீரோ பிடிக்க வைக்காது. நிழல்வலை கட்டி, செடியைக் காப்பாற்றி வைத்து, ஆடிக்குப் பிறகு வரும் பூக்களுக்குக் காத்திருங்கள். வெயில் குறைந்தும் உதிர்ந்தால், காலை எட்டு மணி வாக்கில் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டுங்கள். காற்றும் வண்டும் குறைந்த மாடிகளில் அந்த அதிர்வே மகரந்தத்தை உதிர்த்துக் காய் பிடிக்க வைக்கும்.

மிளகாய், கத்திரிக்கு மாடித்தோட்டக்காரர்கள் தேமோர் கரைசலும் (தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து புளிக்க வைத்தது) அரப்பு மோர் கரைசலும் பயன்படுத்துகிறோம். அரப்பு இலைப்பொடியைப் புளித்த மோரில் கலந்து ஒரு வாரம் வைத்திருந்து, பத்து மடங்கு தண்ணீரில் தெளித்தால் பூ நன்றாக எடுக்கிறது. ஆனால் இலை மட்டும் கருகருவென்று செழித்துப் பூவே இல்லாத செடிக்கு இதைக்கூடக் கொடுக்க வேண்டாம். அதற்குத் தழைச்சத்து அதிகமாகிவிட்டது. புண்ணாக்குத் தண்ணீரை ஒரு மாதம் நிறுத்துங்கள்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம்

தொட்டுப் பாருங்கள். அசைந்தால் அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்ன வயதில் எச்சம் போல வேடமிடும், வளர்ந்தால் பச்சையாகிவிடும், சீண்டினால் தலையிலிருந்து சிவப்புக் கொம்பு நீட்டி நெடி அடிக்கும். கையால் எடுத்துவிடலாம். பெரிய செடி என்றால் நான் இரண்டு மூன்றை விட்டுவைப்பேன்.

தெளித்த மறுநாள் இலை கருகிவிட்டது

வேப்பெண்ணெயால் என் வீட்டில் ஒரே நாளில் 14 மிளகாய்ச் செடி கருகியது. வெயிலில் அடித்தேன், எண்ணெய் தண்ணீரோடு கலக்காமல் மேலே மிதந்தது; கடைசியில் தெளித்த செடிகளுக்கு வெறும் எண்ணெய்தான் போயிருக்கிறது. சரியான முறை இது: 5 மி.லி. வேப்பெண்ணெயில் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலை முதலில் விட்டு, பால் போல வெளுக்கும்வரை அடித்துக் கலக்குங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். மாலை ஐந்து மணிக்குமேல் தெளியுங்கள். மிஞ்சியதை வைத்துக்கொள்ள வேண்டாம். துணி துவைக்கும் பொடி போடாதீர்கள், அதுவே இலையைக் கருக்கும். எந்தப் புதுக் கரைசலானாலும் முதலில் ஒரே ஒரு இலையில் தெளித்து இரண்டு நாள் பாருங்கள்.

வேப்பமரம் பக்கத்தில் இருந்தால் எண்ணெயைவிட வேப்பங்கொட்டைச் சாறு இலைக்கு மென்மையானது. ஆனி, ஆடியில் உதிரும் பழங்களைப் பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி வையுங்கள். பருப்பு 50 கிராம் இடித்துத் துணியில் கட்டி ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்துப் பிழிந்தால் போதும். எட்டு, பத்து மாதத்துக்கு மேற்பட்ட கொட்டையில் வீரியம் இருக்காது.

சுரை, பீர்க்கு, பாகல் பிஞ்சு வெம்பி விழுகிறது

பூவின் கீழே குட்டிக்காய் இருந்தால் பெண் பூ. அந்தப் பிஞ்சு வளராமல் மஞ்சளாகிச் சுருங்கினால் மகரந்தம் சேரவில்லை. கொடி ஆரம்பத்தில் ஆண் பூவாகவே பூக்கும், அதற்குக் கவலை வேண்டாம். பெண் பூ வந்தபின் நாமே சேர்க்கலாம். நேரம் முக்கியம்: பூசணி, பாகல், வெள்ளரி காலையில் விரியும். சுரையும் பீர்க்கும் புடலையும் சாயங்காலம் விரியும். சுரைக்குக் காலையில் போய் வாடிய பூவைத் தேய்த்துவிட்டுப் பலிக்கவில்லை என்று சொன்னவர்கள் பலர். ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழித்து, அதன் நடுத்தண்டைப் பெண் பூவின் நடுமுனையில் மெதுவாகத் தடவுங்கள், ஒரு ஆண் பூவை இரண்டு பெண் பூக்களுக்குப் பயன்படுத்தலாம்.

பிஞ்சு விரல் நீளம் வளர்ந்தபிறகு கோணலாகி, ஓர் இடத்தில் பிசின் கசிந்து அழுகினால் அது பழ ஈ. உள்ளே வெள்ளைப் புழு இருக்கும். விழுந்த காயை மண்ணில் விட்டுவைத்தால் புழு மண்ணுக்குள் போய்க் கூடு கட்டி மறுபடி ஈயாக வரும். பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் இரண்டு நாள் மூழ்க வையுங்கள். பாட்டிலில் சிறு துளைகள் போட்டு நனைத்த கருவாட்டுத் துண்டு வைத்துத் தொங்கவிட்டால் கொஞ்சம் ஈ விழும். ஆனால் என் மாடியில் நிச்சயமாகக் காய் மிஞ்சியது ஒரே வழியில்தான்: மகரந்தம் சேர்த்த மூன்றாம் நாள், பழைய நூல்சேலையில் தைத்த பையைப் பிஞ்சுக்கு மாட்டிக் காம்பில் சுருக்குப் போட்டுவிடுவது. பாகலுக்கு ஒரு சாண், பீர்க்குக்கு முக்கால் முழம். ஒரு சேலையில் நாற்பது பை வரும். துவைத்துக் காயவைத்தால் அடுத்த ஆடிப்பட்டத்துக்கும் ஆகும்.